கேம்பஸுக்கு யார் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள்?

தென்மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றில் கேம்பஸ் நாள் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். விடுதியில் ஒரே இஸ்திரிப்பெட்டி அறை அறையாகப் போய்வரும். முழுக்கைச் சட்டை சொந்தமாக இருக்கும். கறுப்பு ஷூ பக்கத்து அறைக்காரனுடையது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களும் செமஸ்டர் வாரியான நகல்களும் பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கப்பட்டிருக்கும். கருத்தரங்கக் கூடத்தில் ஒருவர் ப்ரொஜெக்டரையும் ஜெனரேட்டரையும் சரிபார்ப்பார். ப்ளேஸ்மென்ட் ஆபீசர் வாசலுக்கும் தன் அறைக்குமாக நடந்தபடி, ரயில் நிலையத்துக்குப் போன டிரைவரிடம் எச்.ஆர். ஆட்கள் இறங்கிவிட்டார்களா என்று நான்காவது முறையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மாலையில் எட்டுப் பேர் தேறியிருக்கலாம். ஒருவரும் தேறாமலும் போயிருக்கலாம். எதுவானாலும் ஆண்டு முடிவில் நிர்வாகம் அவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இந்த வருஷம் எத்தனை கம்பெனி கொண்டுவந்தீங்க?”

இந்தக் கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது என்பது என் கருத்து. மாப்பிள்ளை அழைப்புப் போல ஒருநாள் உபசாரம் செய்து ஒரு நிறுவனத்தை ஒருமுறை வரவழைத்துவிடலாம். அது மறு ஆண்டும் வருமா என்பதை அந்த உபசாரம் தீர்மானிப்பதில்லை. போன ஆண்டு எடுத்த பிள்ளைகள் எப்படி இருந்தார்கள், சொன்ன தேதியில் வந்து சேர்ந்தார்களா, கல்லூரி அவர்களைப் பற்றிச் சொன்னது உண்மையாக இருந்ததா என்பவைதான் தீர்மானிக்கின்றன. ஆனால் ப்ளேஸ்மென்ட் அலுவலகத்தின் நேரமும் பணமும் பெரும்பாலும் அழைப்பதிலேயே செலவாகிவிடுகின்றன.

நிறுவனத்தின் பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரக்கணக்கில் புதியவர்களை எடுக்கும் ஐ.டி. சேவை நிறுவனத்துக்கு ஆளுக்கு இவ்வளவு செலவு என்ற கணக்குதான் முக்கியம். நான்கு பேர் கொண்ட குழு இரண்டு நாள் பயணம் செய்து, தங்கி, முந்நூறு பேருக்குத் தேர்வு வைத்து முப்பது பேரை எடுத்தால் கட்டுபடியாகும். மூன்று பேரை எடுத்தால் ஆகாது. ஆகவே முதல் சல்லடை எளிமையானதாக இருக்கும்: பத்தாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்புவரை எல்லாவற்றிலும் 60 விழுக்காடு, கையில் அரியர் இருக்கக் கூடாது. இந்தச் சல்லடையில் அதிகம் பேர் தேறும் கல்லூரிக்குக் குழு போகும். சென்னையிலும் கோவையிலும் இருக்கும் பெரிய கல்லூரிகளுக்கு ஒரே நாளில் மூன்று நிறுவனங்கள் வருவதற்கும், ராமநாதபுரத்துக் கல்லூரி ஒரு நிறுவனத்துக்காக மூன்று மாதம் காத்திருப்பதற்கும் இந்தக் கணக்கே பெரிய காரணம்.

கொரோனாவுக்குப் பிறகு தேர்வும் நேர்காணலும் பெருமளவு இணையத்துக்குப் போய்விட்டதால் தூரம் ஒரு தடையாக இருக்காது என்று பலர் நம்பினார்கள். ஓரளவு அது உண்மைதான். டி.சி.எஸ். நடத்தும் தேசியத் தகுதித் தேர்வைப் போன்றவற்றை எந்த ஊர்க் கல்லூரி மாணவரும் எழுதலாம். ஆனால் அங்கே அவர் நிற்பது லட்சக்கணக்கானவர்களின் வரிசையில். அவரைப் பற்றி, “இந்தப் பெண் இரண்டாம் ஆண்டிலிருந்து ஆய்வகத்தை விட்டு நகர மாட்டாள், எடுத்துப் பாருங்கள்” என்று சொல்ல ஓர் ஆள் அந்த வரிசையில் இல்லை. தூரம் குறைந்தபோது பரிந்துரையின் குரலும் குறைந்துபோனது.

அந்தக் குரலின் மதிப்பு தமிழ்நாட்டில் கூடுதல். 1978-ல் தொடங்கப்பட்ட அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் இன்று நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. தன்னாட்சி பெற்றவற்றை விட்டுவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே கேள்வித்தாள். பட்டமோ எல்லோருக்கும் அதே பல்கலைக்கழகத்தின் பட்டம். வெளியிலிருந்து பார்க்கும் நிறுவனத்துக்கு ஒரு மாணவரையும் இன்னொருவரையும் பட்டத்தைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை.

பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலைத்தான் ஆராய்ந்தது. வேலை கொடுப்பவர் ஆளின் உண்மையான திறனைக் காண முடியாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் ஏதேனும் ஓர் அடையாளத்தைப் பற்றிக்கொள்கிறார். படிப்பு அப்படி ஓர் அடையாளம் என்றார் அவர். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நம் ஊரில் பட்டம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டதால் கல்லூரியின் பெயரே அடையாளமாகிவிட்டது. அந்தப் பெயரோ 1997-ல் வந்த ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் எந்தக் கட்-ஆஃபில் இடங்கள் நிரம்புகின்றன என்பதோடு பிணைந்திருக்கிறது. அதிக மதிப்பெண்காரர்கள் போகும் கல்லூரிக்கு நிறுவனங்கள் போகின்றன. நிறுவனங்கள் போகும் கல்லூரியை அடுத்த ஆண்டின் அதிக மதிப்பெண்காரர்கள் எடுக்கிறார்கள். இந்தச் சுழலுக்கு வெளியே இருக்கும் கல்லூரி எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை. அமெரிக்க முதலீட்டு வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் சட்ட நிறுவனங்களும் ஆள் எடுக்கும் விதத்தை உள்ளிருந்து ஆராய்ந்து லாரன் ரிவேரா 2015-ல் ஒரு நூல் வெளியிட்டார். நிறுவனங்கள் சில பல்கலைக்கழகங்களின் பட்டியலை முன்கூட்டியே வைத்திருக்கின்றன. பட்டியலுக்குள் இருக்கும் வளாகங்களுக்கு விருந்தோடு போகின்றன. பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து வரும் விண்ணப்பம், உள்ளே தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், பெரும்பாலும் படிக்கப்படுவதே இல்லை என்று அவர் காட்டினார்.

‘தெரிந்தவர்’ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டனில் வேலை மாறிய 282 பேரை ஆராய்ந்து 1974-ல் நூல் எழுதினார். அவர்களில் 56 விழுக்காட்டினர் தெரிந்தவர் வழியாகவே வேலை பெற்றிருந்தார்கள். அந்தத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் நெருங்கிய உறவினரோ தினமும் பார்க்கும் நண்பரோ இல்லை. எப்போதாவது சந்திக்கும் பழைய சகா, முன்னாள் மேலாளர் போன்றவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கக்காரருக்குத்தான் நமக்குத் தெரியாத வேலை தெரிந்திருக்கும்.

இப்போது நம் வகுப்பறையைப் பார்ப்போம். 2021-22-ம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. இந்த உயரத்தை எட்டியதற்கு முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஒரு முக்கியக் காரணம். 2010-லிருந்து அவர்களுக்கென்று கல்விக் கட்டணச் சலுகையே இருக்கிறது. அப்பா கட்டட வேலை, அம்மா நூறுநாள் வேலை என்று இருக்கும் வீட்டுப் பெண்ணுக்குப் பெங்களூரில் மேலாளராக இருக்கும் பெரியப்பா கிடையாது. வேலைச் சந்தையில் அவளுக்கு இருக்கும் ஒரே தூரத்து உறவு கல்லூரியின் ப்ளேஸ்மென்ட் அலுவலகம்தான். அந்த அலுவலகத்தைக் கல்லூரியின் விளம்பரப் பிரிவாக மட்டும் நடத்துவதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

நிறுவனங்கள் தாமாகத் திரும்பி வரும் கல்லூரிகள் எதைச் செய்தன என்பதற்குப் பழைய சான்றுகள் உண்டு. பட்டதாரிகளுக்கு வேலை தேடித்தரும் ஏற்பாட்டை ஆக்ஸ்போர்டு 1892-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் என்னை அதிகம் ஈர்த்தது அமெரிக்காவின் சின்சினாட்டி. அங்கே பொறியியல் பேராசிரியராக இருந்த ஹெர்மன் ஷ்னைடர், இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கற்க வேண்டியதைக் கரும்பலகை கற்பிக்காது என்று கருதினார். 1906-ல் 27 மாணவர்களோடு ஒரு முறையைத் தொடங்கினார். ஒரு தொழிற்கூட வேலைக்கு இரண்டு மாணவர்கள். ஒருவர் வகுப்பில் இருக்கும்போது மற்றவர் பட்டறையில் இருப்பார், பிறகு இடம் மாறுவார்கள். தொழிற்கூடத்துக்கு ஆள் ஒருநாளும் குறையவில்லை. மாணவருக்குக் கூலியும் கிடைத்தது. முதலாளியோ நேர்காணல் என்ற ஒன்றே இல்லாமல் ஆளை ஆண்டுக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தார். ஸ்பென்ஸ் சொன்ன சிக்கல், அவர் அதை எழுதுவதற்கு அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஒரு பட்டறையில் தீர்ந்திருந்தது. கனடாவின் வாட்டர்லூ 1957-ல் தொடங்கும்போதே இந்த முறையை அடித்தளமாகக் கொண்டது. இன்று உலகின் மிகப் பெரிய திட்டங்களில் ஒன்று அதனுடையது.

நம்மிடமும் இது உண்டு. கோவையில் 1926-ல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் தொடங்கப்பட்டது, 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி அதன் பக்கத்திலேயே எழுந்தது. அங்கே இருக்கும் ஐந்தாண்டு ‘சாண்ட்விச்’ பொறியியல் படிப்பில் மாணவர்கள் வகுப்புக்கும் தொழிற்கூடத்துக்குமாக மாறிமாறிப் போகிறார்கள். வார்ப்படம், இயந்திரக் கடைசல், அளவெடுப்பு எல்லாம் அவர்கள் கைபடக் கற்றவை. கோவையின் பம்ப், மோட்டார், ஜவுளி இயந்திரத் தொழில்கள் அந்தக் கல்லூரியை நோக்கி வருவதற்கு யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. பிலானியின் பிட்ஸ் நிறுவனம் 1973-லிருந்து நடத்திவரும் தொழிற்பயிற்சித் திட்டத்தில், ஆசிரியர்களும் நிறுவனத்தின் இடத்துக்கே போய் மாணவர்களை மதிப்பிடுகிறார்கள். ஆசிரியர் போவதுதான் இதில் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. ஒரு பேராசிரியர் ஆறு மாதம் ஒரு தொழிற்சாலையின் காவலாளிமுதல் மேலாளர்வரை பழகிவிட்டால், அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்தக் கதவைத் தட்டக் கல்லூரிக்கு வேறு ஆள் வேண்டாம்.

நம் கல்லூரிகள் பலவற்றில் இன்டர்ன்ஷிப் என்பது சான்றிதழாகச் சுருங்கிவிட்டது. பத்து நாள் எங்கோ போய்க் கையெழுத்து வாங்கி வருகிறார்கள்; சிலர் போகாமலே வாங்கி வருகிறார்கள். ஒரு நிறுவனத்துக்குப் பத்து நாளில் மாணவரைப் பற்றி என்ன தெரிந்துவிடும்?

இனி, சிறிய நிறுவனங்களைப் பற்றி. ஓசூரில் டூல் ரூம் நடத்துபவர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்பவர், திருச்சியில் பெல் ஆலையைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் வேலை எடுப்பவர் ஆகியோருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று பொறியாளர்கள் தேவை. அவர்களிடம் எச்.ஆர். பிரிவு இருக்காது, முதலாளியோ பிளான்ட் மேனேஜரோதான் ஆள் எடுப்பார். அவர் கல்லூரிக்கு வந்தால் அங்கிருப்பவர்கள் பவர்பாயிண்ட் கேட்கிறார்கள், ஆண்டுச் சம்பளம் இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்கிறார்கள், நூறு பேரை உட்காரவைத்துவிட்டு இரண்டு பேரை எடுத்தால் முகம் சுளிக்கிறார்கள். அவர் மறுபடி வர மாட்டார். தெரிந்தவரின் மகனை எடுத்துக்கொள்வார்.

நான் பார்த்தவரையில் கல்லூரிகள் செய்யும் பெரிய தவறு இதுதான். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நின்றிருக்கிறது. சந்தை மந்தமானால் அவை ஒரே ஆண்டில் ஆள் எடுப்பை நிறுத்திவிடும். நம்பியிருந்த கல்லூரி அந்த ஆண்டு வெறுங்கையோடு நிற்கும். நாற்பது சிறு நிறுவனங்கள் ஆளுக்கு மூன்று பேரை எடுத்தால் நூற்றிருபது பேர். அந்த நாற்பதும் ஒரே நாளில் கதவைச் சாத்த மாட்டா. 1969-ல் தொடங்கிய கோவையின் கொடிசியாவைப் போன்ற சிறுதொழிற் சங்கங்கள் தொழில் நகரங்களில் இருக்கின்றன. அவற்றின் மாதக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போன ப்ளேஸ்மென்ட் ஆபீசர்கள் எத்தனை பேர் என்று கல்லூரிகள் தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பயிற்சியாளராக எடுத்துப் பார்க்க அரசின் வழியும் இருக்கிறது. 1961-ன் தொழிற்பழகுநர் சட்டம் 1973-ல் பொறியியல் பட்டதாரிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஓராண்டுப் பயிற்சிக்கு எடுக்கும் பட்டதாரிக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. இந்தப் பயிற்சியைக் கவனிக்கும் தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஆள் எடுக்கத் தயங்கும் சிறு முதலாளியிடம் இதைச் சொல்லி, படிவத்தையும் நிரப்பிக் கொடுக்கும் கல்லூரிக்கு, அடுத்த ஆண்டு அவர் தாமாகவே போன் செய்வார். தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டமும் 2022 மார்ச்சிலிருந்து பயிற்சிகளைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. பயிற்சி கிடைத்துவிட்டது, பயிற்சி பெற்றவரை நிறுவனத்தோடு இணைப்பது கல்லூரியின் வேலை.

அடுத்தது வாக்கு. ஒரு சிறு நிறுவனம் மூன்று பேருக்கு ஆஃபர் கொடுக்கிறது. இரண்டு மாதத்தில் பெரிய நிறுவனம் வருகிறது, மூவரும் அதில் தேறி அங்கே போய்விடுகிறார்கள். மாணவரைக் குறைசொல்ல முடியாது. வீட்டுக் கடன் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஜூன் மாதம் மூன்று நாற்காலிகளைக் காலியாகப் பார்த்த முதலாளிக்கு அந்தக் கல்லூரி என்றாலே கசந்துவிடும். ‘ஒருவருக்கு ஒரு வேலை’ என்ற விதியும், மிக உயர்ந்த சம்பளம் தரும் ‘ட்ரீம்’ நிறுவனத்துக்கு மட்டும் மறுவாய்ப்பு என்ற விலக்கும் இதற்காகவே வந்தவை. விதி பலகையில் இருந்தால் போதாது. ஆஃபர் கிடைத்த நாளுக்கும் வேலையில் சேரும் நாளுக்கும் இடையிலுள்ள பத்து மாதமும் அந்த அலுவலகம் மாணவரோடும் நிறுவனத்தோடும் பேசிக்கொண்டிருக்க வேண்டும். யாராவது விலகினால் நிறுவனத்துக்கு முதலில் தெரிய வேண்டியது கல்லூரியின் வாயிலிருந்துதான்.

ஆளை முந்திப் பிடிக்கும் போட்டி எங்கே போய் முடியும் என்பதை ஆல்வின் ராத், ஷியாலின் ஷிங் இருவரும் 1994-ல் ஆராய்ந்தார்கள். நல்ல ஆள் கைநழுவிவிடுவாரோ என்ற அச்சத்தில் ஒருவர் ஒரு மாதம் முன்னே போனால் மற்றவர் இரண்டு மாதம் முன்னே போவார். 1940-களில் அமெரிக்க மருத்துவமனைகள், படிப்பு முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே மாணவரை ஒப்பந்தம் செய்துகொண்டன. அதைச் சீர்செய்யவே 1952-ல் பொதுவான ஒதுக்கீட்டு முறை வந்தது. நம் ஐ.ஐ.டி.கள் டிசம்பர் 1 என்ற பொதுத் தேதியை வைத்திருப்பதால் அங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிற கல்லூரிகளில் ஏழாம் செமஸ்டர் தொடங்கும் முன்பே சீசன் தொடங்கிவிடுகிறது. ப்ராஜெக்ட்டும் பாடமும் அதில் அடிபடுகின்றன.

வாக்குத் தவறுவது மாணவர் மட்டும் இல்லை. ஆஃபர் கொடுத்துவிட்டுச் சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போவதையும், கடைசியில் கைவிரிப்பதையும் பெரிய நிறுவனங்களே செய்திருக்கின்றன. 2016 ஆகஸ்டில் ஐ.ஐ.டி.களின் கூட்டுக் குழு அப்படி நடந்துகொண்ட 31 நிறுவனங்களை வளாகத்துக்கு வரவிடாமல் விலக்கிவைத்தது. ஐ.ஐ.டி.களால் அது முடிந்தது, காரணம் அவை சேர்ந்து நின்றன. விருதுநகரிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள ஒரு தனிக் கல்லூரி தனித்துக் கேட்டால் பதில் கடிதம்கூட வராது. ஒரு மாவட்டத்தின் பத்துக் கல்லூரிகள் சேர்ந்து கேட்டால் வரும். அந்தப் பத்தும் சேர்ந்து பூல் கேம்பஸ் நடத்தினால், தனித்தனியே கட்டுபடியாகாத பயணம் நிறுவனத்துக்கும் கட்டுபடியாகும். பக்கத்துக் கல்லூரிக்குக் கம்பெனியின் போன் நம்பரைக் கூடக் கொடுக்காத இன்றைய வழக்கத்தால் இருவருக்கும் நட்டம்.

கடைசியாக எண்கள். தேசியத் தரவரிசைப் பட்டியல் 2016-ல் முதல்முறை வெளிவந்தது. பொறியியல் கல்லூரிகளுக்கான 100 மதிப்பெண்ணில் பட்டதாரிகளின் நிலைக்கு 20. அதற்காகக் கல்லூரி தரும் விவரத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் உண்டு. இடைநிலைச் சம்பளம் என்பது வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்குவது. ஒருவர் நாற்பது லட்சம் வாங்கினாலும் அது நகராது. பேருந்தின் முதுகில் ஒட்டப்படும் விளம்பரமோ அந்த ஒருவரைத்தான் காட்டும். ஆயிரம் ஆஃபர் என்று எழுதியிருந்தால், இரண்டு மூன்று ஆஃபர் வாங்கிய ஒரே மாணவரை எத்தனை முறை எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும். நூறு விழுக்காடு என்று எழுதியிருந்தால், அரியர் உள்ளவரையும் பெயர் கொடுக்காதவரையும் கழித்துவிட்ட பிறகு எஞ்சியவரில் நூறா என்று கேட்க வேண்டும். பெற்றோரிடம் இப்படிக் கூட்டிச் சொல்லப் பழகிய அலுவலகம், நிறுவனத்திடமும் மாணவரைப் பற்றிக் கூட்டியே சொல்லும். நிறுவனம் ஒருமுறை ஏமாறும். மறுமுறை அந்த ஊர்ப் பக்கம் வராது.

கல்லூரி தேடும் பெற்றோருக்குச் சொல்வேன்: தரவரிசைக்குக் கொடுத்த விவரத்தைக் கல்லூரி தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும், விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டு அதைத் திறந்து பாருங்கள். முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில், அது பத்துப் பேர் கொண்ட பட்டறையாக இருந்தாலும், அடுத்த ஆண்டு ஓர் ஆள் தேவைப்படும். அந்தச் செய்தியை உங்கள் கல்லூரியின் ப்ளேஸ்மென்ட் அலுவலகத்துக்கு இந்த வாரமே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.